ஏற்றும் முன் இறக்கிப் பாருங்கள்

கல்யாணம் முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் ஸ்டூடியோவிலிருந்து பென்டிரைவ் வந்துவிடும். நலங்கில் ஆரம்பித்து மறுவீடு வரைக்கும் மூவாயிரம் படம். அன்றைக்கு ராத்திரியே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கேட்பார்கள்: "படமெல்லாம் எங்கப்பா போட்டிருக்க? லிங்க்க அனுப்பு." செல்லூரில் இருக்கும் அப்பத்தா, தேனியில் இருக்கும் மதினி, சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பா மகன் எல்லாருக்கும் ஒரே லிங்க் போதும் என்றுதான் நினைப்போம். எது எவ்வளவு இடம் இலவசமாகத் தருகிறது என்று பத்து நிமிடம் தேடிவிட்டு, கண்ணில் பட்ட முதல் சேவையில் ஏற்றிவிட்டுத் தூங்கப் போய்விடுவோம்.

இலவச இடத்தைப் பற்றிக் கேட்கத்தான் வேண்டும், ஆனால் அது நாலாவதாகவோ ஐந்தாவதாகவோ கேட்க வேண்டியது. போட்ட படம் போட்டபடியே திரும்பக் கைக்கு வருமா என்பதுதான் முதலில். நகைச்சீட்டு சேர்கிறவர் கடையின் ஏ.சி.யையும் கண்ணாடிக் கதவையும் பார்த்தா சேர்கிறார்? முடிவில் எத்தனை கிராம் கையில் வரும், செய்கூலி பிடிப்பார்களா என்று துருவித் துருவிக் கேட்கிறார். படங்களை மட்டும் எதையும் கேட்காமல் கொடுத்துவிடுகிறோம்.

இதைச் சோதிக்க அரை மணி நேரம் போதும். பத்துக் கோப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள். கேமராவிலிருந்து வந்த பெரிய ஜேபெக் இரண்டு, ஐபோனில் எடுத்த ஹெச்இஐசி (ஐபோன் படங்களைச் சேமிக்கும் கோப்பு வகை) ஒன்று, செங்குத்தாக எடுத்தது ஒன்று, எடிட் செய்தது ஒன்று, இருப்பிடம் பதிவான போன் படம் ஒன்று, ஸ்கேன் செய்த பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று, தமிழில் பெயரிட்ட கோப்பு ஒன்று, ஒரு நிமிட 4கே வீடியோ ஒன்று, பத்தாவது உங்கள் விருப்பம். ஒவ்வொன்றின் பைட் எண்ணிக்கை, பிக்சல் அளவு, எடுத்த தேதி மூன்றையும் குறித்துவிட்டு ஏற்றுங்கள். பிறகு வேறொரு கணினியிலிருந்து, முடிந்தால் வேறொருவர் கணக்கிலிருந்து, இறக்கிப் பாருங்கள்.

பைட் எண்ணிக்கை கடைசி இலக்கம் வரை ஒத்துப்போனால் அந்தச் சேவை படத்தைத் தொடவில்லை என்று நம்பலாம். பிக்சல் அளவு அதே, பைட் குறைந்திருக்கிறது என்றால் மறுபடி அழுத்தியிருக்கிறார்கள், அதாவது தரத்தைக் குறைத்துக் கோப்பைச் சிறிதாக்கியிருக்கிறார்கள். தேதி இன்றைய தேதியாக மாறியிருந்தால், படத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் எக்ஸிஃப் விவரம் போய்விட்டதா, அல்லது கோப்பின் வெளித்தேதி மட்டும் மாறியதா என்று பார்க்க வேண்டும். விண்டோஸில் கோப்பின் பண்புகளைத் திறந்து விவரப் பகுதியில் 'எடுத்த தேதி' இருந்தால் கவலையில்லை. ஸ்கேன் செய்த படம்தான் பெரும்பாலும் தோற்கும். அதற்குள் எடுத்த தேதி என்று எதுவுமே கிடையாது. அதனால் 1974இல் எடுத்த தாத்தா கல்யாணம் இந்த வாரப் படங்களோடு வரிசையில் வந்து நிற்கும். ஏற்றுவதற்கு முன்பே எக்ஸிஃப்டூல் போன்ற இலவச மென்பொருளால் தேதியை எழுதிவிடுவது நல்லது. தமிழ்ப் பெயருள்ள கோப்பு ஜிப்பாக இறங்கி, பழைய மென்பொருளில் விரித்தால் கேள்விக்குறிகளாக வரலாம். அப்படி வந்தால் மென்பொருளை மாற்றுங்கள், படம் கெடவில்லை.

இன்னொரு தேதிச் சிக்கல் கல்யாணப் படங்களுக்கே உரியது. இரண்டு கேமராக்காரர்கள், நடுவில் மாமாவின் போன். மூன்று கடிகாரமும் மூன்று நேரம் காட்டும். எல்லாவற்றையும் ஒரே ஆல்பத்தில் நேர வரிசையில் அடுக்கினால் நாதஸ்வரக்காரர் வந்து இறங்குவதற்குள் தாலி ஏறிவிடும். எல்லாக் கேமராவிலும் பதிவான ஒரே கணத்தை, மாலை மாற்றுவதை எடுத்துக்கொள்ளலாம், வைத்து வித்தியாசத்தைக் கணக்கிட்டு, ஒரு கேமராவின் படங்களின் நேரத்தை மொத்தமாகத் தள்ளிவிடலாம். அதையும் எக்ஸிஃப்டூலே செய்யும். ஏற்றிய பிறகு ஒவ்வொன்றாகத் திருத்துவது சாமானிய வேலையில்லை.

அடுத்து எடை, அதாவது கோப்புகளின் அளவு. 24 மெகாபிக்சல் கேமராவின் ஜேபெக் ஒன்று ஏறத்தாழ 8 எம்பி. மூவாயிரம் படம் 24 ஜிபி. கூகுள் கணக்கின் இலவச 15 ஜிபியில் இது அடங்காது. 20 எம்பிபிஎஸ் ஏற்றுவேகம் உள்ள ஃபைபர் இணைப்பில் 2 மணி 40 நிமிடம் ஆகும். போன் ஹாட்ஸ்பாட்டில் 3 எம்பிபிஎஸ்தான் வருகிறது என்றால் கிட்டத்தட்ட 18 மணி நேரம், அதுவும் நடுவில் அறுபடாமல் ஓடினால். விளம்பரத்தில் போடுவது இறங்குவேகம். ஏற்றுவேகத்தைத் தனியாகச் சோதித்துவிட்டு உட்காருங்கள். ஆனால் உறவுக்காரர்கள் பார்க்கப்போவது மூவாயிரத்தையும் அல்ல. முந்நூறு பொறுக்கினால் 2.4 ஜிபி. அதையே நீளப்பக்கம் 2048 பிக்சலுக்குச் சுருக்கினால் படம் ஒன்று 1 எம்பிக்குள் வந்து, மொத்தமும் 300 எம்பிக்குள் அடங்கும். போன் திரைக்கு இது தாராளம். ஆக, காட்டுவதற்கு ஒரு தொகுப்பு, காப்பதற்கு ஒரு தொகுப்பு என்று பிரித்துவிட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும். லாக்கரில் இருக்கிற நகை வேறு, கழுத்தில் கிடக்கிற நகை வேறு. இரண்டுக்கும் ஒரே சேவைதான் வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.

வாட்ஸ்அப்பிலேயே அனுப்பிவிடலாமே என்பவர்களுக்கு: சாதாரணமாக அனுப்பும் படம் நீளப்பக்கம் ஏறத்தாழ 1600 பிக்சலுக்குச் சுருங்கிவிடும், எக்ஸிஃப் விவரமும் போய்விடும். 1600 பிக்சலில் 4×6 அங்குலப் பிரிண்ட் போட்டால் அங்குலத்துக்கு 267 புள்ளி வரும், பார்க்க நன்றாகவே இருக்கும். 8×12க்குப் போனால் 133. கூடத்தில் ஃபிரேம் போட்டு மாட்டினால் முகம் மெழுகு பூசியதுபோல் தெரியும். 2023இல் வந்த ஹெச்டி தேர்வு இதைவிடப் பரவாயில்லை, அதுவும் அசல் அல்ல. 'டாக்குமென்ட்' என்று அனுப்பினால்தான் அசல் போகும், 2 ஜிபி வரைக்கும்.

அளவைவிடப் பெரிய வில்லங்கம் கோப்புப் பெயர். ஆல்பத்துக்கு இருநூறு படம் தேர்வு செய்து நம்பர் சொல்லுங்கள் என்று ஸ்டூடியோவில் கேட்பார்கள். வாட்ஸ்அப் படமாக அனுப்பினால் கேமரா கொடுத்த எண் அழிந்து, அது வைக்கும் புதுப் பெயர்தான் இருக்கும். பெரியப்பா பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த இருநூறையும், ஸ்டூடியோக்காரர் மூவாயிரத்துக்குள் கண்ணால் தேட வேண்டும். பெயரை மாற்றாத சேவையில் போட்டு லிங்க் கொடுத்தால் இந்தத் தலைவலியே இல்லை. தேர்வுக்காகப் போடும்போது இந்த ஒரு குணத்தை மட்டுமாவது பாருங்கள்.

12×36 அங்குலக் கரிஷ்மா கல்யாண ஆல்பத்தின் கணக்கு வேறு. இரண்டு பக்கத்தையும் சேர்த்து விரியும் ஒரே படம் அங்குலத்துக்கு 300 புள்ளியில் அச்சாக 10,800 பிக்சல் அகலம் வேண்டும். 24 மெகாபிக்சல் அசலே 6000தான் தரும், அங்குலத்துக்கு 167. அசலே இழுத்துப்பிடித்துத்தான் நிற்கிறது. சுருங்கிய பிரதியிலிருந்து ஆல்பம் போட முயலாதீர்கள்.

இப்போது பல ஸ்டூடியோக்கள் பென்டிரைவுக்குப் பதில் கூகுள் டிரைவ் லிங்க் கொடுத்துவிடுகின்றன. அந்த லிங்க் உங்களுடையது அல்ல, அவர்களுடையது. அடுத்த முகூர்த்த சீசனுக்கு இடம் வேண்டும் என்று அவர்கள் அழித்தால் உங்கள் கல்யாணமும் போகும். கொடுத்த வாரத்திலேயே இறக்கிவிட வேண்டும். மொத்தமாக இறக்கினால் டிரைவ் அதை 2 ஜிபி துண்டுகளாக ஜிப் செய்து தரும். 24 ஜிபிக்குப் பத்துப் பன்னிரண்டு துண்டு. இதைப் போனில் செய்ய முயல்வது வீண், கணினியில் செய்யுங்கள். கடைசித் துண்டு வந்ததா என்று பார்ப்பதோடு, கோப்பு எண்ணிக்கையை ஸ்டூடியோ சொன்ன எண்ணோடு ஒப்பிடுங்கள். கல்யாண வீடியோவை நூறு பேர் ஒரே நாளில் இறக்கப் பார்த்தால், அதிகம் பேர் பார்த்துவிட்டார்கள், பிறகு வாருங்கள் என்று டிரைவ் கதவைச் சாத்தும். பெரும்பாலும் ஒரு நாளில் திறந்துவிடும். வீடியோ கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம்.

கூகுள் போட்டோஸைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், நம்மூரில் பாதிப்பேர் போனில் அது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. 2015இல் வந்தபோது, சற்றே சுருக்கிய படங்களுக்கு அளவில்லா இடம் என்றார்கள். 2021 ஜூன் 1 முதல் அது நின்றது. இப்போது ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து 15 ஜிபி. அது நிரம்பினால் படம் ஏறாது என்பதோடு முடியவில்லை, ஜிமெயிலுக்கு மெயில் வருவதும் நின்றுவிடும். வங்கி மெயில், பிள்ளையின் கல்லூரி மெயில், எல்லாம் அனுப்பியவருக்கே திரும்பும். வேலைக்கு வைத்திருக்கும் மெயில் கணக்கில் கல்யாணப் படத்தை ஏற்றுவது சமையலறைக் குழாயில் தோட்டத்துக்கும் தண்ணீர் விடுவதுபோல. குடும்பப் படத்துக்கு என்று தனிக் கணக்கு ஒன்று திறந்துகொள்ளுங்கள். 2021 ஜூனுக்கு முன் சுருக்கிய தரத்தில் ஏறிய படங்கள் இன்றும் கணக்கில் சேர்வதில்லை. அவற்றை ஒழுங்குபடுத்துகிறேன் என்று இறக்கி மறுபடி ஏற்றினால் அந்தச் சலுகை போய்விடும்.

அதில் இரண்டு தரம் உண்டு. இடம் சேமிக்கும் தரம் படத்தை 16 மெகாபிக்சலுக்கும் வீடியோவை 1080க்கும் இறக்கி அழுத்தும். மற்றது அசல் தரம். காட்டுவதற்கு முதலாவதே போதும். ஆல்பத்துக்கும் காப்புக்கும் அசல். இதை ஏற்றத் தொடங்கும் முன் அமைப்பில் பார்த்துவிடுங்கள், ஏறிய பிறகு சுருங்கியது விரியாது.

பகிர்ந்த ஆல்பத்தில் 20,000 படம் வரை போடலாம். லிங்க் வைத்திருப்பவர் கூகுள் கணக்கு இல்லாமலும் பார்க்கலாம், இது அப்பத்தாக்களுக்குப் பெரிய வசதி. பார்ப்பவர் கணக்கில் இடம் குறையாது, தன் தொகுப்பில் சேமித்துக்கொண்டால் மட்டும் குறையும். ஆனால் அந்த லிங்க்குக்குக் கடவுச்சொல் கிடையாது. குடும்பக் குழுவிலிருந்து ஒருவர் தெருக்குழுவுக்குத் தள்ளிவிட்டால் தெருவே பார்க்கும். பூப்புனித நீராட்டு விழாப் படங்களையும் குழந்தையைக் குளிப்பாட்டும் படங்களையும் இப்படித் திறந்த லிங்க்கில் போடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. குழந்தைப் படங்களில் இன்னொரு ஆபத்தும் உண்டு. நிறுவனங்களின் தானியங்கிச் சோதனை, அப்பா எடுத்ததா அயோக்கியன் எடுத்ததா என்று பிரித்தறியாது. மருத்துவருக்குக் காட்டுவதற்காக மகனைப் படமெடுத்த அமெரிக்கத் தந்தை ஒருவரின் கூகுள் கணக்கு மொத்தமாகப் பூட்டப்பட்டது 2022இல் செய்தியானது. மெயில், படம், தொடர்பு எண்கள் எல்லாம் ஒரே பூட்டுக்குள். தனிக் கணக்கு வைத்துக்கொள்ள இது இன்னொரு காரணம்.

அழிப்பதிலும் குழப்பம் உண்டு. போட்டோஸ் செயலிக்குள் நின்று அழித்தால் போனிலிருந்தும் போகும், மேகத்திலிருந்தும் (கூகுளின் சர்வரிலிருந்தும்) போகும். போனில் மட்டும் இடம் காலி செய்ய அதற்கென்றே தனிப் பொத்தான் இருக்கிறது. தவறி அழித்தது குப்பையில் 60 நாள் கிடக்கும்.

வெளியே எடுப்பதற்கு டேக்அவுட் என்ற வசதி. கணினியில் உள்ளே போய், எல்லாவற்றையும் தேர்வுநீக்கிவிட்டு, போட்டோஸை மட்டும் குறியிட்டு, துண்டின் அளவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 50 ஜிபி என்று ஒரே துண்டாகக் கேட்டுவிட்டு, 49ஆவது ஜிபியில் மின்சாரம் போனால் முதலிலிருந்து ஆரம்பிக்கும் நிலை வரும். நம்மூர் இணைப்புக்கு 4 ஜிபி, மிஞ்சினால் 10. தயாரானதும் மெயில் வரும், அதிலிருந்து ஏறத்தாழ ஒரு வாரம்தான் லிங்க் உயிரோடு இருக்கும். எனவே திங்கள்கிழமை கேட்டுவிட்டு வெள்ளிக்கிழமை கொடைக்கானல் போகாதீர்கள்.

இறங்கியதைத் திறந்தால் பலரும் அதிர்ச்சியடைவார்கள். ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் ஒரு ஜேசன் கோப்பு கிடக்கும். நீங்கள் போட்டோஸுக்குள் திருத்திய தேதி, சேர்த்த இடம், எழுதிய குறிப்பு எல்லாம் படத்துக்குள் எழுதப்படாமல் அந்தத் துணைக்கோப்பில்தான் இருக்கும். குப்பை என்று நினைத்து அதை அழித்தால் பத்து வருட உழைப்பு போச்சு. படம் ஒரு ஜிப்பிலும் அதன் ஜேசன் அடுத்த ஜிப்பிலும் விழுவது சகஜம். அதனால் எல்லாத் துண்டையும் ஒரே கோப்புறைக்குள் விரித்த பிறகே அடுத்த வேலை. ஆல்பத்தில் இருக்கும் படம் ஆண்டுக் கோப்புறையிலும் ஆல்பக் கோப்புறையிலும் இரண்டு தடவை வரும், அது பிழை இல்லை. ஜேசனில் உள்ள நேரம் உலகப் பொதுநேரம், நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால். அதைக் கவனிக்காமல் படத்துக்குள் எழுதினால் அதிகாலை 5 மணி முகூர்த்தம் முந்தைய நாள் இரவு 11.30க்குப் போய்விடும்.

மண்டபத்தில் பந்தி நடக்கும் இடத்தில் க்யூஆர் ஒட்டி, ஸ்கேன் செய்து உங்கள் படங்களையும் போடுங்கள் என்று கேட்பது இப்போது பரவிவிட்டது. நல்ல யோசனைதான். இலவசமாக க்யூஆர் செய்துதரும் தளங்கள் சில உங்கள் லிங்க்கைத் தம் முகவரிக்குள் சுற்றித் தருகின்றன. சோதனைக் காலம் முடிந்ததும் அது பணம் கேட்கும், அல்லது விளம்பரத்துக்குப் போகும். அச்சடிக்கும் முன் போன் கேமராவில் காட்டி, எந்த முகவரி தெரிகிறது என்று பாருங்கள். உங்கள் ஆல்பத்தின் முகவரியே நேராகத் தெரிந்தால் சரி. லிங்க் பகிர்வை ஒரு தடவை அணைத்து மறுபடி போட்டால் புது லிங்க் பிறக்கும், ஃபிளெக்ஸில் அச்சடித்தது செத்துவிடும். செல்ஃபி எடுத்தால் உங்கள் முகம் உள்ள படங்கள் மட்டும் வரும் என்கிற சேவைகளும் வந்துவிட்டன. மேடையில் நேராகப் பார்த்து நின்றவருக்கு அது அருமையாக வேலை செய்யும். பந்தியில் குனிந்து சாப்பிடுகிறவரையும் முக்காடு போட்ட பாட்டியையும் தவறவிடும். விருந்தாளிகள் முகப்பதிவை எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்று ஸ்டூடியோவைக் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் வேண்டாம் என்றுவிடுங்கள்.

ஐபோன் வீடுகளுக்கு இரண்டே எச்சரிக்கை. ஐகிளவுட் படம் என்பது நகல் அல்ல, எல்லாக் கருவியிலும் ஒரே பிம்பம். ஒன்றில் அழித்தால் எல்லாவற்றிலும் அழியும், 30 நாளுக்குள் மீட்கலாம். இலவச இடம் 5 ஜிபிதான். போனில் இடம் சேமிக்கும் தேர்வு ஓடிக்கொண்டிருந்தால் அசல் மேகத்திலும் சிறு பிரதி போனிலும் இருக்கும். அந்த நிலையில் கேபிள் செருகிக் கணினிக்கு நகலெடுத்தால் எல்லா அசலும் வராது. பகிர்ந்த ஆல்பத்தில் படம் 2048 பிக்சலாகிவிடும், 5000 வரை போடலாம், இடக்கணக்கில் சேராது. காட்டுவதற்கு நன்று.

நிறுவனம் சின்னதா பெரியதா என்பதில் நிம்மதி தேட முடியாது. ஆர்க்குட் 2014 செப்டம்பரில் மூடியது. பிகாசா 2016இல் போனது. கேமரா நிறுவனமான கேனனே நடத்திய ஐரிஸ்டா என்ற படச் சேவை 2020 ஜனவரியில் முடிந்தது. படம் வைக்கும் தளமான போட்டோபக்கெட் 2017இல், வெளித்தளங்களில் படம் தெரிய வேண்டுமானால் ஆண்டுக்கு 399.99 டாலர் என்றது. அன்றிரவே ஆயிரக்கணக்கான வலைப்பதிவுகளில் படம் இருந்த இடமெல்லாம் பணம் கேட்கும் அறிவிப்பு வந்து உட்கார்ந்தது. பதிவில் படம் போடுகிறவர்கள் இதை மறக்க வேண்டாம். ஓசி இடத்திலிருந்து படத்தை இழுத்துக் காட்டும் பதிவு, அடுத்தவன் வீட்டுச் சுவரில் சாய்த்த ஏணி.

மீனாட்சி அம்மன் கோயில் வீரவசந்தராயர் மண்டபம் 2018 பிப்ரவரித் தீயில் சேதமானது. அதன் பிறகு கோயிலுக்குள் செல்போனுக்கும் தடை வந்தது. அதற்கு முன் அங்கே எடுத்த சாதாரணக் குடும்பப் படத்தின் பின்னணிக்கு இன்று வேறு மதிப்பு. கோயிலுக்கு எதிரே உள்ள புதுமண்டபத்துக் கடைகளும் தையல் எந்திரங்களும் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. தூண் சிற்பத்துக்கு நடுவே துணி தொங்கிய காட்சி இனி யார் கணக்கிலாவது கிடக்கும் படத்தில்தான். அப்படிப்பட்டவற்றைக் குடும்ப ஆல்பத்துக்குள் பூட்டிவைப்பதைவிடப் பொதுவில் வைக்கலாம்.

பொதுவில் வைக்க ஃபிளிக்கர் பழைய பேர். 2004இல் தொடங்கி, யாஹூ கைக்குப் போய், 2013இல் எல்லாருக்கும் 1 டெராபைட் இலவசம் என்று அள்ளிக் கொடுத்து, 2018இல் ஸ்மக்மக் என்ற இன்னொரு படத்தள நிறுவனம் வாங்கியதும் இலவசக் கணக்குக்கு 1000 படம் என்று சுருக்கிய கதை, இலவசத்தின் ஆயுளுக்கு நல்ல பாடம். இப்போது இலவசக் கணக்கில் தனிப்பட்டவையாக 50 மட்டுமே வைக்கலாம். 2025 மே முதல் இலவசக் கணக்குப் படங்களை 1024 பிக்சலுக்கு மேல் இறக்கவும் முடியாது. ஏற்றியவருக்கும் அதே கதிதான் என்பதைக் கவனியுங்கள். சித்திரைத் திருவிழா, தெப்பம், அலங்காநல்லூர் என்று தொடர்ந்து படமெடுத்து, நல்ல தொகுப்பாக வைக்க நினைப்பவர் கட்டணம் கட்டி ப்ரோ கணக்கு எடுத்தால் அதன் அமைப்பும் குறிச்சொல் தேடலும் இன்றும் சிறப்பு. கட்டணத்தை நிறுத்தினால் ஆயிரத்துக்கு மேற்பட்டவை அழியும் அபாயத்தில் இருக்கும். கல்யாணப் படத்துக்கு அது பொருந்தாது.

விக்கிமீடியா காமன்ஸ் இன்னொரு இடம். காசு கிடையாது, விளம்பரம் கிடையாது, அசல் அளவிலேயே யாரும் இறக்கலாம். திருமலை நாயக்கர் மகால், சமணர் மலைச் சிற்பங்கள், யானைமலை போன்றவற்றுக்கு இதைவிட நல்ல வீடு இல்லை. ஆனால் அங்கே கொடுத்தது கொடுத்ததுதான். பெயரைக் குறிப்பிட்டால் எவரும் வணிகத்துக்கும் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது. நாளைக்கு ஒரு காலண்டர் கம்பெனி உங்கள் படத்தைப் போட்டுக்கொண்டால் கோபப்படாத மனசு வேண்டும். குடும்பப் படங்களை அங்கே ஏற்கமாட்டார்கள். பொது இடத்தில் நிரந்தரமாக இருக்கும் கட்டடத்தையும் சிற்பத்தையும் படமெடுத்து வெளியிட இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் இடம் தருகிறது, சுவரொட்டிக்கும் ஃபிளெக்ஸ் ஓவியத்துக்கும் அந்தச் சலுகை இல்லை. மதுரையில் ஃபிளெக்ஸ் இல்லாத தெருவைப் படம் பிடிப்பது எப்படி என்று கேட்கலாம். ஓரத்தில் தற்செயலாக விழுந்தால் பரவாயில்லை, அதுவே படமாக இருந்தால் நீக்கிவிடுவார்கள்.

மதுரைக்கு அருகே அரிட்டாபட்டிப் பக்கம் பறவைப் படம் எடுக்கப் போகிறவர்கள் ஏற்றும் முன் கட்டாயம் ஒன்று செய்ய வேண்டும். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம் அது, வல்லூறும் கழுகும் அந்தப் பாறைகளில் வாழ்கின்றன. போன் படத்தில் இருப்பிடம் பதிவாகியிருந்தால், பொதுவில் போட்ட ஒரு கூட்டுப் படம் போதும், அடுத்த ஞாயிற்றுக்கிழமை பத்துப் பேர் நேராக அந்தப் பாறைக்கே வந்து நிற்பார்கள். காமன்ஸில் எக்ஸிஃப் விவரம் பக்கத்தின் அடியிலேயே தெரியும். இருப்பிடத்தை நீக்கிவிட்டு ஏற்றுங்கள். வீட்டு வாசலில் எடுத்த படத்துக்கும் இதே விதி.

நிறுவனம்கூடப் பார்க்கக் கூடாது என்பவர்களுக்கு எண்டெ போன்ற சேவைகள் இருக்கின்றன. பெயர் மலையாளம், 'என்னுடைய' என்று பொருள். படம் உங்கள் கருவியிலேயே மறைகுறியாக்கப்பட்டுத்தான், அதாவது சாவி இல்லாதவர் பார்க்க முடியாதபடி மாற்றப்பட்டுத்தான், மேலே போகும். லிங்க்குக்குக் கடவுச்சொல்லும் காலாவதித் தேதியும் வைக்கலாம், மேலே சொன்ன விழாப் படங்களுக்குப் பொருத்தம். விலை என்னவென்றால், கடவுச்சொல்லையும் 24 சொல் மீட்புச் சாவியையும் இரண்டையும் தொலைத்தால் அந்த நிறுவனத்தாலும் திறந்துதர முடியாது. அந்த 24 சொல்லையும் தாளில் எழுதி, வீட்டுப் பத்திரத்தோடு வையுங்கள். போனில் ஸ்கிரீன்ஷாட்டாக வைப்பது சாவியைப் பூட்டுக்குள்ளேயே வைப்பதுதான்.

வீட்டிலேயே சொந்தச் சர்வர், அதில் கூகுள் போட்டோஸ்போல வேலை செய்யும் இம்மிச் போன்ற இலவச மென்பொருள் என்று போகிறவர்கள் கொஞ்சம் கை தேர்ந்தவர்களாக இருக்க வேண்டும். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 முதல் மாலை 5 வரை மின்சாரம் போகும் நாளில் சிங்கப்பூர்க்காரருக்கு ஆல்பம் திறக்காது. யுபிஎஸ் தாங்கும் அரை மணியில் இயந்திரம் முறையாக அணைய ஏற்பாடு செய்யாவிட்டால் தரவுத்தளம் சிதையும். பல இணைய இணைப்புகளில் வீட்டுக்கென்று தனிப் பொது முகவரி கிடையாது, பலரும் ஒன்றையே பகிர்கிறார்கள். வெளியிலிருந்து நுழைய டெயில்ஸ்கேல் போன்ற, சுரங்கப்பாதைபோல் இணைத்துவிடும் மென்பொருள் தேவை. கிளவுட்ஃபிளேர் என்ற இடைச் சேவை வழியாக விட்டால் இலவசத் திட்டத்தில் 100 எம்பிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது, போன் படம் ஏறும், வீடியோ முரண்டு பிடிக்கும். ஆர்வத்துக்குச் செய்யலாம், காசு மிச்சம் என்று செய்ய வேண்டாம்.

எதைத் தேர்ந்தாலும் அசல் தொகுப்பு வீட்டில் ஒரு ஹார்டுடிஸ்க்கிலும், இன்னொரு ஊரில் இருக்கும் உறவுக்காரர் வீட்டில் இரண்டாவது டிஸ்க்கிலும் இருக்கட்டும். பீரோவில் வருடக்கணக்கில் செருகாமல் கிடக்கும் பென்டிரைவை நம்ப வேண்டாம், மின்னேற்றம் கசிந்து தரவு அழியலாம். மலிவு விலையில் 1 டெராபைட் என்று விற்கும் பென்டிரைவ் பலவும் உள்ளே 32 ஜிபிதான் வைத்திருக்கும். நிரம்பியபின் எழுதுவதுபோல் பாவனை செய்யும், திறந்தால் ஒன்றுமிருக்காது. வாங்கியதும் முழுக் கொள்ளளவும் எழுதிப் படித்துச் சோதிக்கும் ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளை ஓடவிடுங்கள். டிஸ்க்கை வருடத்துக்கு ஒரு முறை, பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது என்று வைத்துக்கொள்ளுங்கள், செருகி ஐம்பது படத்தைத் திறந்து பாருங்கள்.

மிச்சமிருப்பது யார் பெயரில் கணக்கு என்பது. பெரும்பாலும் வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்த ஒருவர் பெயரில்தான் எல்லாம் கிடக்கும். அவர் இல்லாமல் போனால் கடவுச்சொல் தெரியாமல் வீடே நிற்கும். கூகுள் கணக்கை 2 வருடம் யாரும் தொடாவிட்டால் அழித்துவிடலாம் என்பது அவர்கள் கொள்கை. கணக்கு அமைப்பில் 'செயல்படாத கணக்கு மேலாளர்' என்ற பகுதி இருக்கிறது. 3, 6, 12 அல்லது 18 மாதம் நடமாட்டம் இல்லாவிட்டால் யாருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று பத்துப் பேர் வரை எழுதலாம், அவர்கள் எதையெதை இறக்கிக்கொள்ளலாம் என்றும் குறிக்கலாம். ஐபோனில் இதற்கு இணையாக மரபுத் தொடர்பு என்ற ஏற்பாடு உண்டு, அதில் கிடைக்கும் அணுகல் சாவியை அச்சிட்டு அந்த உறவினரிடம் கொடுக்க வேண்டும். பத்து நிமிட வேலை. எழுதும் பெயர்களில் ஒருவராவது உங்களைவிட இளையவராக இருக்கட்டும்.